திருகோணமலை மூத்தோருக்குப் பிக்கிள்போல் கழகம் தேவையா?

உவர்மலை ஓய்வூதியர்:
உவர்மலையிலும் உப்புவெளியிலும் வாழும் ஓய்வூதியர்களுக்காக ஒரு பிக்கிள்போல் கழகம் தொடங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். 1965 இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சார்டும் அவருடைய நண்பர்களும், பொழுது போகாமல் இருந்த பிள்ளைகளுக்காக, வீட்டிலிருந்த பழைய பூப்பந்துத் திடலில் மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து உருவாக்கிய விளையாட்டு இது. பிள்ளைகளுக்காகப் பிறந்த அதை நாடெங்கும் கொண்டுசென்றதில் அரிசோனா, புளோரிடா மாநிலங்களின் ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. 2009 இல் அதன் முதல் தேசியச் சுற்றுப்போட்டி அரிசோனாவின் பக்கை நகரில் நடந்தபோது ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். அங்கே பல கழகங்கள் தமக்கெனத் திடல் கட்டித் தொடங்கியவை அல்ல. ஆளில்லாத டென்னிஸ் திடலில் நாடாவால் கோடிட்டு, மட்டைகளை இரவல் கொடுத்து, வந்தவருக்கு முதல் நாளே ஆடக் கற்றுக்கொடுத்து ஆள் சேர்த்தார்கள். வரிசையில் நிற்போர் பெருகிய பிறகே தனித்திடல் கேட்டார்கள். நாமும் அவ்வாறே தொடங்கலாம்.

கடற்கரை நடையர்:
ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இந்த ஒப்பீட்டை ஏற்க மாட்டேன். அந்தக் குடியிருப்புகள் அமெரிக்கச் சட்டம் தனியாக இடம் கொடுத்திருக்கும் ஒரு வகை: பொதுவாக 80 சதவீத வீடுகளிலாவது 55 வயதை எட்டிய ஒருவர் வசிக்க வேண்டும். திடல், விளக்கு, நீச்சல் தடாகம் எல்லாவற்றின் பராமரிப்புக்கும் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் கட்டணம் செலுத்துகிறார். நம் மூத்தோர் அப்படியா வாழ்கிறார்கள்? பிள்ளைகளோடு இருப்பவர் காலையில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மதியம் அழைத்துவர வேண்டும். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட பின் பழைய வீட்டில் தனித்திருப்பவருக்கு மருந்துச் செலவே ஓய்வூதியத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. டச்பே கடற்கரையில் நடப்பதற்கும், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை ஏறுவதற்கும் ஒரு சதமும் வேண்டியதில்லை. இளைஞர்களுக்கே மாலையில் மைதானம் போதாத ஊரில் புதியதொரு விளையாட்டுக்கு இடம் கேட்பது நியாயமாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்:
பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை விழுதல். எளிதான விளையாட்டு என்று நம்பி, பல ஆண்டுகள் ஓடியே அறியாத ஒருவர், தலைக்கு மேலே வரும் பந்தைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடுகிறார், கால் தடுக்கியதும் கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு முறிகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும் பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். செருப்போடு ஆட வருவோரைத் திடலுக்குள் விடவே கூடாது; நடைப்பயிற்சிச் சப்பாத்தும் பக்கவாட்டு அசைவுக்கு ஏற்றதல்ல. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. இவற்றைச் சொல்லவும் கவனிக்கவும் ஆளில்லாத கழகத்தை நான் எதிர்ப்பேன்.

உவர்மலை ஓய்வூதியர்:
விழுதல் பற்றிய எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். பின்னோக்கி ஓடாமல் உடலைத் திருப்பி ஓடுவதையே முதல் பாடமாக வைப்போம். இடத்தைப் பற்றிய வாதத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் புதிய மைதானம் எதையும் கேட்கவில்லை. பிக்கிள்போல் திடல் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. இரட்டையர் பூப்பந்துத் திடலின் அளவும் அதுவே. எனவே வெளிக்கோடுகளை மாற்ற வேண்டியதில்லை. பூப்பந்தில் வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கும் முன்கோட்டுக்குப் பதிலாக ஏழு அடியில் ஒரு நாடாவை ஒட்டினால் போதும். அந்த ஏழு அடிக்குள் நின்று, நிலத்தில் படாத பந்தை அடிக்கக் கூடாது. ஐந்தடி உயரத்தில் நிற்கும் வலையை ஓரத்தில் மூன்றடிக்கும் நடுவில் இரண்டடி பத்து அங்குலத்துக்கும் இறக்க வேண்டும். பூப்பந்து வலையின் அகலம் இரண்டரை அடி என்பதால் அதுவே தாராளமாகப் போதும். ஆகவே உள்ளரங்கப் பூப்பந்துத் திடல் ஒன்று பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை நேரத்தில் சும்மா கிடந்தால், அதைத்தான் கேட்கிறேன். வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்றும் ஐப்பசி மழையும் அங்கே நம்மைத் தொடமாட்டா. துளையுள்ள அந்த இலேசான பந்தைக் கச்சானில் வெளியே ஆடவே முடியாது.

முன்னாள் உடற்கல்வி ஆசிரியை:
நடப்பது நல்லதுதான், ஆனால் நடையர் ஐயா சொல்லும் கடற்கரை நடையில் எத்தனை பெண்களைப் பார்க்கிறீர்கள்? அறுபதைக் கடந்த என் தோழிகள் பலர் வீட்டு வாசலுக்கும் கோயிலுக்கும் இடையிலேயே தங்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்கிறார்கள். கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தொடங்கிவைக்கும் விதியும், இரு பக்கமும் முதல் பந்தை ஒருமுறை நிலத்தில் பட விட்டே அடிக்க வேண்டும் என்ற விதியும் வலிமையுள்ளவர் ஒரே அடியில் ஆட்டத்தை முடித்துவிடாமல் தடுக்கின்றன. அதனால் கணவனும் மனைவியும், கற்றுக்குட்டியும் பழகியவரும் ஒரே திடலில் நிற்க முடிகிறது. இந்த ஊரில் இத்தனை ஆண்டுகள் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பித்தவள் என்ற முறையில் கேட்கிறேன்: அவர்கள் பாட்டியான பின் அவர்களுக்கென நாம் என்ன வைத்திருக்கிறோம்? ஆனால் காலை எட்டு மணி என்றால் சமையலறையை விட்டு எந்தப் பெண்ணும் வரமாட்டாள். பத்து மணிக்கு வையுங்கள். அரைக் காற்சட்டை கட்டாயம் என்ற பேச்சையும் எடுக்காதீர்கள், சல்வார் போதும்.

கடற்கரை நடையர்:
ரீச்சர் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. சும்மா கிடக்கும் உள்ளரங்கம் என்றால் இடம் பற்றிய எதிர்ப்பையும் விலக்கிக்கொள்கிறேன். செலவு பற்றிய எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஒவ்வொருவரும் மட்டை வாங்க வேண்டும் என்று தொடங்கினால், வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர் உயர்ந்த மட்டையோடு வருவார், இல்லாதவர் மறுவாரம் வரமாட்டார். அமெரிக்கர்கள் இரவல் மட்டையால் ஆள் சேர்த்தார்கள் என்று எழுதியது நீங்கள்தான். மட்டைகள் கழகத்தின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். கழகமும் ஓய்வூதியர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. மீன்பிடித்தும் கடை வைத்தும் முதுமை அடைந்தவர்கள் பலருக்கு அரச ஊழியரைப் போன்ற ஓய்வூதியம் கிடையாது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கிராம அலுவலர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் அமைந்திருக்கின்றன. அவற்றின் ஊடாகத் தொடங்குங்கள்.

உவர்மலை ஓய்வூதியர்:
பொது மட்டையை ஏற்கிறேன். இரட்டையர் ஆட்டத்துக்கு நான்கு மட்டைகளே வேண்டும். ஆட்டம் 11 புள்ளியில் முடிவதால் காத்திருப்போருக்கும் விரைவில் முறை வரும். முதியோர் சங்கத்தின் ஊடாகப் போனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், முதலில் ஆடத் தொடங்கிவிட்டு, பிறகு சங்கத்தை அழைக்கலாம் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

கடற்கரை நடையர்:
அதில் உடன்பாடில்லை. பிறகு அழைக்கப்படுபவர் விருந்தாளியாகத்தான் வருவார். முதல் நாள் கோடிடும்போதே அவர்களும் நாடாவைப் பிடிக்க வேண்டும்.