ஸ்னேருக்கு சாம்பிள் ஏற்றினால் அடி இரண்டாகக் கேட்கிறது – அவசர உதவி தேவை

குழித்துறை_கீபோர்டு:
அண்ணன்மாரே, அவசரம். கோயில் திருவிழாப் பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். டிரம்ஸ் பதிவு மந்தமாக இருக்கிறது என்று ஸ்னேர் டிரம்முக்கு சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த அடி ஒலி) ஏற்றினேன். இப்போது 'தட்-தட்' என்று அடி இரண்டாகக் கேட்கிறது. சில இடங்களில் சரியாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

பாறசாலை_ரிதம்:
பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலிப் புள்ளிகளை) குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 புள்ளிகள்) 1024 என்றால் 21 மில்லி நொடி தாமதம். 128-க்கு இறக்கினால் 3 மில்லி நொடிக்குள் வந்துவிடும்.

செங்கோட்டை_மிக்ஸிங்:
எந்த மென்பொருள்? பாட்டு ஓடும்போதே பிளகின் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) அடியை சாம்பிளாக மாற்றுகிறதா, மிடியாக (ஒலியில்லாத அடிக் குறிப்புகளாக) எடுத்துப் பிறகு ஏற்றினீர்களா? பழைய ஸ்னேரும் கூடவே ஒலிக்கிறதா? இவற்றைச் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

கம்பம்_ஸ்டுடியோ:
சாம்பிள் 44.1 கிலோஹெர்ட்ஸ், பாட்டு 48 என்று இருக்கும். பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

மூத்த_ஒலிப்பதிவாளர்:
அடிப்படை தெரியாமல் பதில் எழுத வேண்டாம் என்று இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது. 44.1 கோப்பை மாற்றாமல் 48-இல் ஓட்டினால் சுருதி ஏறும், அடி இரண்டாகாது. பஃபர், வாசிப்பவர் காதில் கேட்கும் தாமதத்துக்குத்தான் பொறுப்பு. பதிவான பாட்டை ஓட்டும்போது எல்லா டிராக்கும் ஒரே அளவு பிந்தும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் வராது. தம்பி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

குழித்துறை_கீபோர்டு:
மென்பொருள் ரீப்பர். ஓடும்போதே பிளகின் மாற்றுகிறது. பழைய ஸ்னேரையும் பாதி அளவில் வைத்திருக்கிறேன், அதை எடுத்தால் உயிர் போய்விடுகிறது. பலமான அடிகள் பரவாயில்லை, மெல்லிய அடிகள்தான் பிந்துகின்றன.

செங்கோட்டை_மிக்ஸிங்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். எல்லா அடியும் ஒரே அளவு பிந்தினால் டிராக்கை முன்னே நகர்த்தினால் போதும். பாட்டு போகப் போகத் தாமதம் கூடினால் வேகக் கணக்கைச் சந்தேகிக்கலாம். மெல்லிய அடி மட்டும் பிந்துகிறது என்றால் பார்க்க வேண்டியவை இரண்டு. பிளகின் அடி என்று உணரும் ஒலி அளவை, அதாவது திரெஷோல்டை, மெல்லிய அடியின் அலை தாமதமாகத்தான் எட்டும், அது ஒன்று. மற்றதைப் பலரும் பார்ப்பதில்லை: சாம்பிளில் பலமான அடிக்கு ஒரு கோப்பு, மெல்லிய அடிக்கு வேறொரு கோப்பு இருக்கும். மெல்லிய கோப்பின் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் வெட்டாமல் விடப்பட்டிருக்கலாம்.

சாம்பிள் ஒலியைத் தனி டிராக்காகப் பதிந்து பழைய ஸ்னேருக்கு நேர் கீழே வையுங்கள். ஒரே ஓர் அடி திரை முழுக்க நிறையும்வரை பெரிதாக்குங்கள். பழைய அலை நடுக்கோட்டை விட்டு முதலில் எழும் இடம் தெரியும்: குச்சி தோலைத் தொட்ட கணம் அதுதான். சாம்பிள் அங்கிருந்து எவ்வளவு தள்ளி எழுகிறது என்று அளந்து பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 48 புள்ளிகள் ஒரு மில்லி நொடி. பலமான அடி ஒன்றையும் மெல்லிய அடி ஒன்றையும் இப்படி ஒப்பிட்டால் சங்கதி வெளியே வந்துவிடும்.

மூத்த_ஒலிப்பதிவாளர்:
சரியான வழி. ஒன்று சேர்க்கிறேன். மேலே தொங்கும் மைக்கோடு ஒப்பிடாதீர்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒலி ஏறக்குறைய 3 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். ஸ்னேரின் பக்கத்து மைக்தான் அளவுகோல். தாமதம் ஒரு மில்லி நொடியாகக் குறைந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். ஒத்த ஒலிகள் இரண்டு அந்த இடைவெளியில் சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். காதுக்கு ஒரே அடிதான், ஆனால் ஸ்னேர் தகரமாகிவிடும்.

பாறசாலை_ரிதம்:
இவ்வளவு பாடு எதற்கு? மிடியாக்கித் தாளக் கட்டத்தில் (மென்பொருள் காட்டும் நேரக் கோடுகளில்) ஒட்டிவிடுங்கள். எல்லா அடியும் நேராகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை_செண்டை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய ஸ்னேர் கூடவே ஒலிக்கிறது என்கிறார். சாம்பிளை மட்டும் கட்டத்துக்கு இழுத்தால் இன்னும் விலகும். அதைவிடப் பெரிய விஷயம், வாசித்தவரின் கை. கேரளக் கோயில்களின் பஞ்சாரி மேளம் ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12 என்று இறங்கி 6-இல் முடியும். வேகம் ஏறிக்கொண்டே போகும். அதை எந்தக் கட்டத்தில் ஒட்டுவீர்கள்?

பாறசாலை_ரிதம்:
இது திருவிழாப் பாட்டு, பூர மேளம் அல்ல. கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) வைத்து வாசித்திருப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை_செண்டை:
கிளிக் வைத்து வாசித்தாலும் நல்ல கலைஞர் ஸ்னேரைக் கொஞ்சம் பின்னே சாய்ப்பார். அதைத் தாமதம் என்று திருத்தினால் அவர் வாசிப்பையே அழிக்கிறீர்கள்.

கம்பம்_ஸ்டுடியோ:
எல்லாரும் பின்னே சாய்ப்பதில்லை அண்ணா. பாதிப் பேருக்குத் தாளம் நிற்பதே இல்லை. அதைத் திருத்தத்தானே நம்மிடம் வருகிறார்கள்.

செங்கோட்டை_மிக்ஸிங்:
தாள விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். தம்பி, அளந்தீர்களா?

குழித்துறை_கீபோர்டு:
அளந்தேன். பலமான அடி ஒட்டி நிற்கிறது, மெல்லியது 11 மில்லி நொடி தள்ளி. மெல்லிய கோப்பின் தொடக்கத்தில் மௌனம் இருந்தது, வெட்டினேன். இப்போது ஒரே அடி. நன்றி அண்ணா, பாடகர் வந்துவிட்டார்.

மூத்த_ஒலிப்பதிவாளர்:
வெட்டிய பிறகு ஸ்னேரின் ஃபேஸை (அலையை மேல் கீழாக) திருப்பிப் போட்டும் கேட்டீர்களா? எது கனமாக ஒலிக்கிறதோ அதை வையுங்கள்.

கம்பம்_ஸ்டுடியோ:
கிக் டிரம்முக்கும் இதே வழிதானா? எனக்கு அதில் எல்லா அடியும் பிந்துகிறது.

செங்கோட்டை_மிக்ஸிங்:
எல்லா அடியும் ஒரே அளவா?