நூறிலேயே சீராகப் போனால் விசை பூஜ்யமா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
பையன் பதினொன்றாம் வகுப்பு, விசை = நிறை × முடுக்கம் பாடம் ஓடுகிறது. நேற்று டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் பக்கியில் (இங்கே தென்னாப்பிரிக்காவில் பக்கி என்றால் பிக்அப் வண்டி, திட்டு இல்லை) போகும்போது கேட்டான்: "அப்பா நூறிலேயே போறாரு, வேகம் மாறல, முடுக்கம் பூஜ்யம், அப்போ விசையும் பூஜ்யம். அப்புறம் எதுக்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறாரு?" நானும் திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல்தான், இருபது வருஷத்தில் துருப்பிடித்துவிட்டது. யாராவது சொல்லுங்களேன்.

கரும்பலகை:
சூத்திரத்தில் வரும் விசை எஞ்சின் விசை மட்டும் இல்லை அம்மா, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மிஞ்சுகிற விசை. சக்கரம் வண்டியை முன்னே தள்ளுகிறது, எதிர்க்காற்றும் டயர் உருளும்போது வரும் தடையும் பின்னே இழுக்கின்றன, நூறில் இரண்டும் சரிக்குச் சரி. மிச்சம் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம். பெட்ரோல் அந்தத் தடையைச் சமாளிக்கத்தான் எரிகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், 120இல் போனால் 100இல் இருந்ததைப் போல 1.44 மடங்கு. இன்னொன்று, 1687இல் நியூட்டன் இந்தச் சூத்திரத்தை இப்படியே எழுதவில்லை, அவர் சொன்னது உந்தம் (நிறை × திசைவேகம்) மாறுவதைப் பற்றி.

துறைமுக லாரிக்காரன்:
கணக்கு எனக்கு வராது, ஆனால் காலுக்குத் தெரியும். காலி வண்டி 16 டன், கன்டெய்னர் ஏற்றினால் 48. ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பேர்) பச்சை விழுந்ததும் காலி வண்டி துள்ளிக் கிளம்பும், பாரத்தோடு என்றால் அதே எஞ்சின் முக்கி முனகி நகர்வதற்குள் பின்னால் மினிபஸ்காரன் ஹாரனிலேயே படுத்துவிடுவான். ஒரு சந்தேகம்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் (Town Hill) மலை இறக்கத்தில் பாரவண்டிதான் வேகமாக ஓடும் என்கிறார்களே, நிஜமா?

கரும்பலகை:
அண்ணே, நீங்கள் சொன்னதுதான் பாடமே. மிஞ்சுகிற விசை 12,000 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) என்று வையுங்கள், காலி வண்டி ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 0.75 மீட்டர் வேகம் கூடும், பாரவண்டி 0.25தான். இறக்கத்தில் கதை வேறு. பாரம் மூன்று மடங்கானால் புவி இழுப்பதும் மூன்று மடங்கு, நகர்த்த வேண்டிய நிறையும் மூன்று மடங்கு, ஆகவே பிரேக்கும் தடையும் இல்லை என்றால் இரண்டும் ஒரே மாதிரிதான் வேகமெடுக்கும். ஆபத்து பிரேக்கில். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் வேகம் ஏறாமல் பிடிக்கக் காலி வண்டிக்குச் சுமார் 7,800 நியூட்டன், பாரவண்டிக்குச் சுமார் 23,500. பிரேக் சூடேறிக் கைவிட்டால் அப்புறம் சரிவு இழுத்த இழுப்புதான்.

துறைமுக லாரிக்காரன்:
அதனால்தான் இறங்கும் முன்பே சின்ன கியர்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
பையனிடம் காட்டினேன். "அப்போ லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிப் போனா காத்துத் தடை குறையும், பெட்ரோல் மிச்சம்தானே?" என்கிறான். அவன் அப்பா காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.