போர்ட்டை மாற்றினால் பாதுகாப்பா?

கருந்திரை:
"ரூட்டரில் 22-க்குப் பதில் 22022 போடுங்கள், பாஸ்வேர்டே இருக்கட்டும், எஸ்எஸ்ஹெச்சில் எவனும் நுழைய முடியாது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி, 22 அதன் வழக்கமான போர்ட், அதாவது வாசல் எண். படித்ததிலிருந்து எரிச்சல். மொத்தமே 65,535 போர்ட்தான், எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? போர்ட்டை மாற்றுவது பாதுகாப்பு இல்லை.

வடகாற்று:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மாற்றியதும் "ரூட்", "அட்மின்" என்று பயனர் பெயர் போட்டு லாக்கில், அதாவது சர்வரின் பதிவேட்டில், முட்டிக்கொண்டிருந்த கூட்டம் காணாமல் போனது. இது பாதுகாப்பு இல்லாமல் வேறென்னவாம்?

கருந்திரை:
சத்தம் குறைந்தது, அவ்வளவுதான். பாஸ்வேர்டை மூடிவிட்டு கீ (உங்கள் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பு) மட்டும் வையுங்கள், 22-லேயே எவ்வளவு வேண்டுமானாலும் முட்டட்டும். போதாக்குறைக்கு, 1024-க்கு மேலுள்ள போர்ட்டை ரூட் (நிர்வாகி) அதிகாரமில்லாத எந்த ப்ரோக்ராமும் பிடித்துக்கொள்ளலாம்.

வடகாற்று:
அண்ணே, வெளியே 22022-க்கு வருவதை ரூட்டர் உள்ளே அதே 22-க்கு அனுப்புகிறது, அதுதான் போர்ட் ஃபார்வர்டிங். சர்வர் 22-ல்தான் காத்திருக்கிறது. 1024 கதை எங்கிருந்து வந்தது? ரூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாவது பார்த்ததுண்டா?

கருந்திரை:
உள்ளே 22 என்றால் எதைத்தான் மாற்றினீர்கள்? திரும்பவும் சொல்கிறேன், போர்ட்டை மாற்றுவது பாதுகாப்பு இல்லை.

புதுவரவு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எந்த போர்ட் போட்டாலும் வெளியிலிருந்து இணைய மாட்டேன் என்கிறது. ரூட்டரில் வெளி ஐபி (இணைய முகவரி) 100.72 என்று தொடங்குகிறது.

எறும்பு:
அது சிஜிநாட். 100.64 முதல் 100.127 வரை அதற்கென்றே ஒதுக்கியது. ஒரே பொது ஐபியைப் பலர் பங்குபோடுகிறீர்கள், உங்கள் ரூட்டரில் என்ன ஃபார்வர்டு செய்தாலும் வேலைக்காகாது. இணைப்பு தருபவரிடம் தனி ஐபி கேளுங்கள். இல்லையென்றால் ஐபிவி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் புதிய முறை), அதுவும் இல்லையென்றால் வெளியே ஒரு சர்வர் பிடித்து ரிவர்ஸ் டனல், அதாவது உங்கள் சர்வரே அதனுடன் இணைந்து திறந்துவைக்கும் வழி.

கருந்திரை:
ஐபிவி6 என்றால் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அரண்) திறக்க வேண்டும், அதைச் சொல்லவில்லையே. வயர்கார்டு விபிஎன் விஷயத்திலும் இப்படித்தான் அரைகுறையாக எழுதினீர்கள்.

எறும்பு:
வயர்கார்டா? யூடிபி என்று எழுதியிருந்தும் அதன் 51820 போர்ட்டை வேறு நெறிமுறையான டிசிபியில் திறந்துவிட்டு "வரவில்லை" என்று புலம்பியது யார்?

கருந்திரை:
அது ரூட்டர் மெனுவின் கோளாறு. பேச்சை மாற்றாதீர்கள். போர்ட்டை மாற்றுவது பாதுகாப்பு இல்லை, போய்ப் படியுங்கள்.

வடகாற்று:
லாக்கைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காலியாக இருக்கிறது.

கருந்திரை:
காலி லாக்கைக் கண்டு பூரிக்கிறவரிடம் என்ன பேச! உள்ளே வந்தவன் போகும்போது லாக்கைத் துடைத்துவிட்டுப் போக மாட்டானா?

எறும்பு:
புதுவரவு, சர்வரில் எந்த ஓஎஸ்? டனல் கட்டளை தருகிறேன். இவர்கள் ஓயமாட்டார்கள்.

கருந்திரை:
டனலுக்கும் எந்த போர்ட் என்று வடகாற்றிடமே கேளுங்கள்.