வேலையிடப் பல் காப்புறுதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

ஒன்ராறியோவில் புதிதாக வேலையில் சேருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே பெனிபிட்ஸ் படிவத்தை, அதாவது வேலையிடம் தரும் பல், மருந்துக் காப்புறுதியில் சேரும் படிவத்தை, நீட்டுவார்கள். சம்பளத்தில் பிடிக்கப்போகும் தொகையைப் பார்த்ததும், "பல்லுக்குத்தான் அரசாங்கம் கொடுக்கிறதாமே, இது எதற்கு?" என்று பலர் மறுத்துக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கனடிய மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம் நல்ல திட்டம்தான். குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலையிடக் காப்புறுதியில் நீங்கள் சேர்ந்தீர்களா என்று அவர்கள் பார்ப்பதில்லை. சேர வழி இருந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். வழி இருந்தும் மறுத்தவருக்கு இரண்டுமே இல்லாமல் போய்விடும். கணவரின் வேலையிடம் மனைவிக்கும் பல் காப்புறுதி தருமானால், மனைவிக்கும் அரசுத் திட்டம் கிடையாது.

இதை மறைக்கவும் முடியாது. ஆண்டு முடிந்ததும் வேலையிடம் தரும் ரி4 என்ற சம்பள விவரப் படிவத்தில் 45ஆம் பெட்டியைப் பாருங்கள். அங்கே 1 என்று இருந்தால் உங்கள் வேலையிடம் பல் காப்புறுதி தரவில்லை. 3 என்று இருந்தால் உங்களுக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் வழி இருந்தது என்று பொருள். பெட்டியில் தவறான எண் இருந்தால் சம்பளப் பிரிவில் சொல்லி உடனே திருத்துங்கள்.

மருத்துவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு வேலையைப் பார்த்துத் தரப்படுவதல்ல. அது கிடைக்க முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பும் 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. ஆனால் 25 முதல் 64 வயது வரையானவர்களில் பெரும்பாலானோர் மருந்துக் கடையில் வாங்கும் மருந்துக்கோ, பல் வைத்தியரிடம் வழக்கமாகச் செய்யும் சிகிச்சைக்கோ அது பணம் கட்டாது. வேலையிடக் காப்புறுதி அங்கேதான் கைகொடுக்கும்.

வேலையிடத்தில் உண்மையாகவே பல் காப்புறுதி இல்லாதவர்கள் கட்டாயம் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் கணவன், மனைவி இருவரும் வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், வருமானமே இல்லாவிட்டாலும். குடும்பத்தின் நிகர வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்றால் உங்கள் பங்கு எதுவும் இல்லை. 70,000 முதல் 79,999 வரை 40 வீதமும், அதற்கு மேல் 60 வீதமும் நீங்கள் கட்ட வேண்டும். சில பல் வைத்தியர்களின் கட்டணம் திட்டத்தின் கட்டணத்தைவிட அதிகம்; அந்த வித்தியாசமும் உங்கள் தலையில்தான் விழும். நாற்காலியில் உட்காருமுன் அதைக் கேட்டுவிடுங்கள். அரசுத் திட்டம் உங்களுக்குத் தொடங்கும் திகதிக்கு முன் செய்த சிகிச்சைக்கு ஒரு சதமும் திரும்பக் கிடைக்காது.