கண்ணகி நகர் சுவரோவியங்கள்: சைக்கிளில் போனால் எப்போது நல்லது?

கேள்வி (மிதிவண்டிக்காரன்):
ஞாயிறு காலை திருவான்மியூரிலிருந்து கியர் இல்லாத பழைய சைக்கிளில் துரைப்பாக்கம் கண்ணகி நகர் போகலாம் என்றிருக்கிறேன். 2020-இல் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களை நேரில் பார்க்க ஆசை. மொபைலில்தான் படம் எடுக்கிறேன். போன முறை இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரை எடுத்தபோது முகங்கள் எல்லாம் மேலே குறுகிப் போய்விட்டன. என்ன செய்யலாம்?

பதில் 1 (தரமணி):
அருகில் நின்று மொபைலை அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான் வரும். எதிர்ச்சாரி வரை பின்னால் போய், மொபைலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து, 2x ஜூம் வைத்து எடுங்கள். கிழக்குப் பார்த்த சுவர்களுக்குக் காலை ஏழு மணி வெயில் போதும். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) மெட்ரோ வேலை நடக்கிறது, தடுப்புகளின் ஓரம் பார்த்து ஓட்டுங்கள்.

பதில் 2 (கோலப்பொடி):
படம் சரி, முதலில் அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள். சென்னை நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டு வந்த குடும்பங்கள் அவர்கள். சன்னலும் காயும் துணியும் ஓவியத்துக்குள்ளேயே வருகின்றன. எனக்கு அதுதான் அழகு, ஆனால் அது அவர்கள் வீடு. நான் கேட்டபோது ஒரு அக்கா மாடிக்கே கூட்டிப் போனார். எதிர்ச்சுவரில் சிரிக்கும் குழந்தை முகம் கண்மட்டத்தில் தெரிந்தது. கீழே நின்றிருந்தால் அது கிடைத்திருக்காது.

மிதிவண்டிக்காரன்:
நன்றிங்க. ஆறு மணிக்கே கிளம்புகிறேன். கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.