மலைக்குப் போக யோசனை சொல்லுங்களேன்

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு வாரம் குடும்பத்தோடு மலைப்பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், 70 வயது அம்மா. கையில் இருப்பது அளவான பணம். பாதியைத் தங்குமிடமே விழுங்கிவிடும் போலிருக்கிறது.

1,000 மீட்டர் ஏறினாலே சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அதனால் பேர்போன ஊரை விட்டுவிட்டு, 1,200 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றூர் போதும் என நினைக்கிறேன். 2,500 மீட்டருக்கு மேல் போனால் அம்மாவுக்கு மூச்சு வாங்குமோ என்ற பயம் வேறு. சமையலறையோடு வீடு எடுத்தால் செலவு நிஜமாகவே குறைகிறதா? வார நாட்களில் வாடகை இறங்குமா?

சின்னவளுக்கு மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி வந்துவிடும். போன முறை என் மடியெல்லாம் நனைந்து, பாவம், அழுதேவிட்டாள். அவளை எந்த இருக்கையில் உட்கார வைப்பது நல்லது?

மேகம் பக்கத்தில் வந்தால் தொட்டுப் பார்க்கணும் என்கிறார் அம்மா. போய் வந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.