உதவிப் பொறியாளர் எம்.பி. தேர்தலில் நிற்க லீவு போட்டால் போதுமா?

அண்ணாச்சிமாரே, பொதுப்பணித்துறையில் இருக்கவர் கன்னியாகுமரி தொகுதியில் சுயேச்சையா நிற்க என்ன வழி?

பதில் 1:
லீவு போதாது. ராஜினாமா ஏற்கப்பட்டு, விடுவிப்பு ஆணை கையில் இருக்கணும். கடிதம் மட்டும் கொடுத்துட்டு வந்தா ஆதாயப் பதவின்னு (அரசுச் சம்பளம் வாங்குற பதவி) பரிசீலனையில் மனு தள்ளுபடி ஆயிரும்.

பதில் 2:
முன்மொழிய 10 பேர் வேணும். எல்லாரும் இந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும். எல்லை தாண்டி கேரளாவில் இருக்க பாறசாலைக்காரர் கையெழுத்து செல்லாது. பாகம் எண், வரிசை எண்ணை வாக்காளர் பட்டியலோட ஒத்துப் பாருங்க, தப்பு வர்றது அங்கதான். சொத்து, வழக்கு விவரம் சொல்ற பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க, ‘இல்லை’ன்னாவது எழுதணும். டெபாசிட் 25,000 ரூபாய். செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனு தாக்கலுக்கு முந்தின நாளே தொடங்கிருங்க.

பதில் 3:
காண்டிராக்ட் எடுக்கிற இன்ஜினியர்னா, மத்திய அரசு காண்டிராக்ட் வேலை முடியாம பாதியில் இருந்தா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட 9ஏ பிரிவு தடுக்கும். வேலை முடிஞ்சு பில் மட்டும் பாக்கின்னா தடையில்லை.